பேசும் பாத்திரங்கள்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் உரையாடலின் எதிர்காலம்

கணினி விளையாட்டு என்றாலே துப்பாக்கிச் சூடும் கார்ப் பந்தயமும்தான் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் பலர் உள்ளனர். ஆனால், சண்டையே போடாமல், பேசிப் பேசியே முடிக்கக்கூடிய விளையாட்டுகளும் இருக்கின்றன என்பது அவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 'ஆர்.பி.ஜி.' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பாத்திரமேற்பு விளையாட்டுகளே அவை. அவற்றில் நாம் ஒரு பாத்திரமாகவே மாறி, ஒரு கற்பனை உலகில் நடமாடுகிறோம். அங்குள்ள கடைக்காரர், காவலர், அரசி, திருடன் ஆகியோருடன் பேசுகிறோம். நாம் சொல்லும் மறுமொழிக்கேற்பக் கதை திரும்புகிறது.

இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? நாம் சொல்வது அந்தப் பாத்திரங்களுக்கு எவ்வாறு 'புரிகிறது'? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இக்காலத்தில், எழுத்தாளர் எழுதி வைத்த வசனம் இனியும் தேவைதானா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுமுன், கடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சொல்லைத் தட்டிய காலம்

1976-இல் வில் குரோதர் என்னும் அமெரிக்க நிரலாளர் உருவாக்கிய 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்' விளையாட்டில் படமே கிடையாது. 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பன போன்ற இரு சொல் கட்டளைகளை விசைப்பலகையில் தட்ட வேண்டும். கணினி அதற்கு எழுத்தாலேயே பதிலளிக்கும். இது உரையாடல் என்பதைவிடக் கட்டளை என்பதே பொருந்தும்.

உரையாடலை உண்மையாகவே விளையாட்டின் நடுவில் வைத்தவற்றுள் 1985-இல் வெளிவந்த ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' குறிப்பிடத்தக்கது. ஊரில் யாரைச் சந்தித்தாலும் 'பெயர்', 'தொழில்' முதலிய சொற்களைத் தட்டிக் கேட்கலாம். அவர் தரும் பதிலில் ஒரு புதிய சொல் ஒளிந்திருக்கும். அச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, வேறோர் ஊரில் வேறொருவரிடம் கேட்டால் புதிய செய்தி கிடைக்கும். இங்கே நினைவாற்றல் ஆட்டக்காரருக்குத்தான் தேவைப்பட்டது. கணினியோ தன்னிடமுள்ள பட்டியலில் அச்சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. பட்டியலில் இல்லாத சொல்லைக் கேட்டால் பாத்திரம் கைவிரித்துவிடும். 'இதில் எந்தச் சொல் செல்லும்?' என்று ஊகித்து ஊகித்தே ஆட்டக்காரர்கள் சலிப்படைந்தனர்.

மரமும் கிளைகளும்

அந்தச் சலிப்புக்குத் தீர்வாகப் பரவியதே 'உரையாடல் மரம்' என்னும் முறை. ஒரு பாத்திரம் பேசியதும், நாம் சொல்லக்கூடிய மூன்று நான்கு மறுமொழிகள் திரையில் வரிசையாகத் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய கிளையில் உரையாடல் தொடரும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் மூன்று மறுமொழிகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை பேசினால் 59,049 வெவ்வேறு பாதைகள் உருவாகும். எந்த எழுத்தாளரால் இத்தனையையும் எழுத முடியும்? ஆகவே, பிரிந்த கிளைகளை மீண்டும் ஒரே தண்டில் கொண்டுவந்து இணைத்துவிடுவார்கள். நாம் கோபமாகப் பதில் சொன்னாலும் பணிவாகச் சொன்னாலும், இரண்டு வரிகளுக்குப் பிறகு அதே இடத்துக்கு வந்து சேர்வது இதனால்தான்.

நல்ல எழுத்தாளர்கள் இக்குறையை இன்னொரு வழியில் ஈடு செய்தனர். உரையாடலை உடனே பிரிக்காமல், நாம் சொன்னதை ஒரு குறிப்பாகச் சேமித்து வைத்து, நெடுநேரம் கழித்துப் பயன்படுத்தினர். 1997-இல் வந்த 'ஃபால்அவுட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் பாத்திரத்தின் அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், அவரால் முழு வாக்கியம்கூடப் பேச முடியாது. முக்கி முனகத்தான் முடியும். மாறாக, சரியான சான்றைத் தேடி எடுத்துச் சென்றால், இறுதி எதிரியிடம் அவனது திட்டம் ஒருபோதும் பலிக்காது என்பதை வாதிட்டு மெய்ப்பிக்கலாம். ஒரு தோட்டாவும் சுடாமல் அவனை வெல்லலாம்.

1999-இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' இதையும் ஒருபடி மிஞ்சியது. அதன் வசனம் ஏறத்தாழ 8 இலட்சம் சொற்கள் எனக் கூறப்படுகிறது. அதில் ஒரே வாக்கியம் இருமுறை தோன்றும். ஒன்றன் அருகே 'உண்மை' என்றும் மற்றொன்றன் அருகே 'பொய்' என்றும் குறிப்பிருக்கும். வாயில் வரும் சொல் ஒன்றே. உள்ளத்தில் இருப்பதுதான் வேறு. பெயரற்ற அக்கதைநாயகன், தன் பெயர் 'அடான்' என்று போவோர் வருவோரிடமெல்லாம் பொய் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அடான் என்னும் மனிதனே அந்நகரில் தோன்றிவிடுவான்! நம்பிக்கையே உலகை உருவாக்கும் என்பது அக்கதையின் அடிப்படை. நாம் விளையாட்டாகச் சொன்ன பொய்யைக் கணினி எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை உணரும்போது ஏற்படும் திகைப்பு சாதாரணமானதன்று.

குரல் வந்தது, சொல் குறைந்தது

2000-ஆம் ஆண்டுகளில் வட்டுகளின் கொள்ளளவு பெருகியது. 2006-இல் வந்த 'ஆப்லிவியன்' விளையாட்டில் எல்லாப் பாத்திரங்களும் வாய்திறந்து பேசினர். 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் கதைநாயகருக்கும் குரல் கிடைத்தது. முழு மறுமொழிக்குப் பதிலாக, சக்கர வடிவில் சிறு சொற்றொடர்கள் மட்டும் காட்டப்பட்டன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதையொட்டிய நீண்ட வசனத்தை நடிகர் பேசுவார். திரைப்படம் பார்ப்பது போன்ற இன்பம் கிட்டியது.

ஆனால், அதற்கு ஒரு விலையும் இருந்தது. எழுத்தை மாற்றுவது எளிது. பதிவான குரலை மாற்றுவது கடினம். கதைநாயகர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்றால் அவர் பேசும் ஒவ்வொரு வரியையும் இரண்டு நடிகர்களைக் கொண்டு பதிவு செய்ய வேண்டும். செலவு கூடக் கூட, தேர்வுகள் குறைந்தன. 2015-இல் வெளிவந்த 'ஃபால்அவுட் 4' பெரும்பாலும் நான்கே தேர்வுகளை, அதுவும் ஓரிரு சொற்களில் தந்தது. தாம் நினைத்தது ஒன்று, நாயகர் பேசுவது வேறொன்றாக இருக்கிறதே என்று ஆட்டக்காரர்கள் நொந்துகொண்டனர். முழு வசனத்தையும் காட்டும் இணைப்பு நிரலை ஆர்வலர்களே எழுதி வெளியிட்டனர். அதே நிறுவனம் 2023-இல் 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டை வெளியிட்டபோது, நாயகரின் குரலை நீக்கிவிட்டு முழு மறுமொழிப் பட்டியலுக்கே திரும்பியது. புதிய நுட்பம் எப்போதும் முன்னேற்றமாகவே அமையும் என்பதற்கில்லை என்பதை இது காட்டுகிறது.

இதே காலத்தில் வேறு சிலர் பழைய மரத்தையே புதிதாக வளர்த்தனர். எஸ்தோனியாவில் பிறந்த 'டிஸ்கோ எலிசியம்' (2019) விளையாட்டில் நாயகனின் 24 திறன்களும் அவனுடனேயே பேசுகின்றன. தர்க்கம் ஒன்று சொல்லும். பரிவு வேறொன்று சொல்லும். இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். 'ஹேடிஸ்' (2020) விளையாட்டில் கதைநாயகன் தோற்று வீடு திரும்பும்போதெல்லாம், அவன் யாரிடம் தோற்றான், எந்த ஆயுதம் எடுத்தான், யாரை முன்பு சந்தித்தான் என்பவற்றைக் கணக்கிட்டு, பதிவு செய்யப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களிலிருந்து பொருத்தமானதைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் மந்திரத்தால் இறந்தவரோடும் பேசலாம். ஆனால், அவரைக் கொன்றவரே நாம்தான் என்றால் பிணம் வாய்திறக்காது. மாறுவேடம் பூண்டு வந்தால்தான் பேசும்! இவை எவற்றிலும் செயற்கை நுண்ணறிவு உரை எழுதவில்லை. மனிதர் எழுதிய வரிகளைச் சரியான நேரத்தில் எடுத்துத் தருவதே அங்குள்ள நுட்பம்.

இயந்திரமே வசனம் எழுதினால்?

நாம் விரும்பியதைச் சொந்தச் சொற்களில் சொல்லவும், பாத்திரம் அதற்கேற்பப் பதிலளிக்கவும் வேண்டும் என்பது நெடுநாள் கனவு. 2005-இல் மைக்கேல் மட்டியாஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன் ஆகிய இருவர் 'ஃபசாட்' என்னும் சிறு நாடகத்தை இலவசமாக வெளியிட்டனர். மணமுறிவின் விளிம்பில் நிற்கும் ஒரு தம்பதியின் வீட்டுக்கு நாம் விருந்தாளியாகச் செல்கிறோம். நாம் எதை வேண்டுமானாலும் தட்டலாம்; கணினி அதைப் பாராட்டு, குறைகூறல், உடன்பாடு, மறுப்பு என்பன போன்ற சில வகைகளுள் ஒன்றாகக் கொண்டு, அதற்கேற்ப நாடகத்தை நகர்த்தும். அத்து மீறிப் பேசினால் வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். சுமார் 20 நிமிட நாடகத்துக்கே பல்லாண்டு உழைப்புத் தேவைப்பட்டது.

பெருமொழி மாதிரிகள் வந்தபின் நிலைமை மாறியது. முன்னுள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பதே அவற்றின் அடிப்படை. 2019-இல் 'ஏஐ டன்ஜன்' என்னும் விளையாட்டு ஜிபிடி-2 மாதிரியைப் பயன்படுத்தி, முடிவே இல்லாத கதையை எழுதிக்கொண்டே சென்றது. 2023 மே மாதம் தைப்பேயில் நடந்த கணினிக் கண்காட்சியில், என்விடியா நிறுவனம் ஒரு ராமென் கடைக்காரருடன் ஆட்டக்காரர் தம் குரலிலேயே உரையாடும் காட்சியை அரங்கேற்றியது. 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனமும் இத்தகைய முன்மாதிரி ஒன்றைக் காட்டியது.

இதன் செயல்முறை இதுதான்: நம் குரல் முதலில் எழுத்தாக மாற்றப்படுகிறது. அந்த எழுத்து, 'நீ ஒரு கடைக்காரர். உன் குணம் இது. உனக்குத் தெரிந்தவை இவை' என்ற குறிப்போடு மொழி மாதிரிக்குச் செல்கிறது. அது தரும் பதில் செயற்கைக் குரலாகிறது. அக்குரலுக்கேற்ப முகமும் உதடும் அசைகின்றன. இவை அனைத்தும் ஓரிரு நொடிகளுக்குள் முடிய வேண்டும். இல்லையேல் கடைக்காரர் நம்மை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தாமதத்தை விடப் பெரிய சிக்கல்கள் மூன்று உள்ளன என்பது என் கருத்து.

முதலாவது, உண்மை. மலைக்கோயிலில் ஒரு வாள் இருக்கிறது என்று கடைக்காரர் தாமாகவே கற்பனை செய்து சொல்லிவிடலாம். நாம் மலையேறிச் சென்று பார்த்தால் அங்கே கோயிலே இராது. மனிதர் எழுதிய விளையாட்டில் ஒரு பாத்திரம் பொய் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். இங்கே பொய்க்குக் காரணமே இல்லை.

இரண்டாவது, நினைவு. ஐம்பது மணி நேரம் விளையாடிய பிறகும், முதல் நாள் நாம் கொடுத்த வாக்கை அது நினைவில் வைத்திருக்க வேண்டும். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியைக் காட்டினர். 25 பாத்திரங்கள் வாழும் ஒரு குட்டி ஊரை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தன் அனுபவங்களைப் பதிந்து வைத்துப் பின் எண்ணிப் பார்க்கும் நினைவேடு ஒன்றைத் தந்தனர். காதலர் தின விருந்து நடத்த வேண்டும் என்று ஒரே ஒரு பாத்திரத்திடம் சொல்லி வைத்தனர். செய்தி வாய்வழியாக ஊரில் பரவி, பாத்திரங்கள் சில குறித்த நேரத்துக்கு விருந்துக்கு வந்து சேர்ந்தன.

மூன்றாவது, விளைவு. இதுவே தலையாயது. நாம் என்ன சொன்னாலும் இனிமையாகப் பதில் சொல்லிவிட்டு, உலகம் அப்படியே இருந்தால் அந்தப் பேச்சால் என்ன பயன்? நான்கே வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனால் ஒரு நண்பனை இழக்க நேர்ந்தால், அந்தத் தேர்வு நம் மனத்தை உறுத்தும். ஆயிரம் வரிகள் பேசியும் எதையும் இழக்காவிட்டால் அது வெறும் அரட்டைதான்.

குரலின் சொந்தக்காரர் யார்?

நுட்பச் சிக்கலோடு அறச் சிக்கலும் சேர்ந்தே வருகிறது. 2025 மே மாதத்தில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் டார்த் வேடர் பாத்திரம் ஆட்டக்காரர்களுடன் பேசத் தொடங்கியது. அக்குரல் 2024-இல் காலமான நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அவர்களின் குரல். குடும்பத்தாரின் இசைவோடு செயற்கை நுண்ணறிவால் மீண்டும் உருவாக்கப்பட்டது. வெளிவந்த சிறிது நேரத்திலேயே ஆட்டக்காரர்கள் அப்பாத்திரத்தைக் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டனர். நிறுவனம் விரைந்து திருத்தியது உண்மை. ஆயினும், தாம் பேசாத சொல் தம் குரலில் ஒலிக்கும்போது மறுக்க அந்த நடிகர் இல்லை.

உயிரோடிருக்கும் நடிகர்களுக்கும் இதே அச்சம் உண்டு. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, 2024 ஜூலை 26 முதல் விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலை நிறுத்தம் செய்தது. ஒரு நடிகரின் குரலையோ உடலசைவையோ கணினியால் படியெடுப்பதானால் அவருடைய சம்மதம் பெற வேண்டும், உரிய ஊதியம் தர வேண்டும் என்பதே அவர்களது முதன்மைக் கோரிக்கை. ஏறத்தாழ ஓராண்டு இழுபறிக்குப் பின் 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தம் உறுதியானது. எழுத்தாளர்களுக்கும் இக்கேள்வி காத்திருக்கிறது. சிறு பாத்திரங்களுக்கான வசனம் எழுதித்தான் புதிய எழுத்தாளர்கள் தொழில் பழகுகிறார்கள். அந்தக் கீழ்ப்படியை இயந்திரம் எடுத்துக்கொண்டால், நாளைய பெரிய எழுத்தாளர் எங்கிருந்து ஏறி வருவார்?

தமிழ் பேசினால்?

இவ்வுரையாடல்கள் தமிழில் அமைந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பது நமக்கு இயல்பே. ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல் போதும். தமிழிலோ கடைக்காரர் நம்மை 'நீ' என்பாரா, 'நீங்கள்' என்பாரா, 'தம்பி' என்பாரா, 'அக்கா' என்பாரா என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். வந்தான், வந்தாள், வந்தார் என்று ஒவ்வொரு வரியும் பெருகும்.

ஆட்டக்காரரின் பெயரை வசனத்தில் செருகுவதும் எளிதன்று. ஆங்கிலத்தில் பெயரை அப்படியே பொருத்திவிடலாம். தமிழிலோ 'கண்ணன்' என்பது 'கண்ணனுக்கு' என்றும், 'மாலா' என்பது 'மாலாவுக்கு' என்றும் மாறும். வெறுமனே வேற்றுமை உருபை ஒட்டினால் 'மாலாக்கு' என்று ஒரு விநோதச் சொல்தான் கிடைக்கும்.

ஆயினும், இதே இலக்கணம் கதாசிரியருக்கு ஒரு கொடையுமாகும். வழித்துணையாக வரும் பாத்திரம் ஆங்கிலத்தில் 'வீ' என்று சொன்னால், அதில் நாமும் அடக்கமா என்பது தெரியாது. தமிழில் 'நாங்கள் போக வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஓர் இரவு 'நாம் போக வேண்டும்' என்று சொன்னால் போதும். அவள் நம்மை நம்பத் தொடங்கிவிட்டாள் என்பது புரிந்துவிடும். மதிப்பெண்ணோ இதயச் சின்னமோ திரையில் காட்ட வேண்டியதில்லை. 'நீங்கள்' என்பது 'நீ' ஆவதிலும் நெருக்கம் இருக்கலாம், அவமதிப்பும் இருக்கலாம். இந்த நுட்பத்தைத் தமிழறிந்தவர்தான் அமைக்க முடியும்.

மொழி மாதிரிகள் இதற்கு உதவுமா? ஓரளவு உதவும், வேற்றுமை உருபுகளை இடமறிந்து சேர்க்க அவற்றால் இயலும். ஆனால், பெரும்பாலும் ஆங்கில உரையைக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரிகள் தமிழ்ச் சொல்லைப் பல சிறு துண்டுகளாக உடைத்தே கையாளுகின்றன. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே யுடிஎஃப்-8 குறியீட்டில் 15 பைட்டுகளாகும். துண்டுகள் கூடினால் நேரமும் செலவும் கூடும். மரியாதை வடிவங்களைப் பாதியில் குழப்பிவிடுவதும் உண்டு. ஒரு வரியில் 'வாங்க' என்று வரவேற்ற பாத்திரம், அடுத்த வரியில் 'உட்கார்' என்றால் நமக்குச் சுருக்கென்று தைக்கும்.

என் எண்ணம்

மரம் முற்றிலும் அழிந்து, எல்லாப் பாத்திரங்களும் தன்னிச்சையாகப் பேசும் நாள் வரும் என்று நான் நம்பவில்லை. இரண்டும் கலந்த முறையே நிலைக்கும் எனத் தோன்றுகிறது. கதையின் உயிர்நாடியான காட்சிகளை மனிதர் எழுதுவர், நடிகர் பேசுவர். நாம் சொந்தச் சொற்களில் சொல்வதைப் புரிந்துகொண்டு அதற்குரிய கிளையைத் தேர்ந்தெடுக்க இயந்திரம் உதவும். 'ஃபசாட்' அன்று செய்ய முயன்றதை இன்றைய மாதிரிகள் இன்னும் செம்மையாகச் செய்யும். சந்தையில் போவோர் வருவோரின் சில்லறைப் பேச்சையும் அவற்றிடம் விடலாம். ஆனால், யார் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தார், யார் ஏமாற்றினார் என்னும் கணக்கை விளையாட்டே வைத்திருக்க வேண்டும். அடானை உயிர்பெறச் செய்தது பேசும் திறன் அன்று. நாம் சொன்ன பொய்யை மறவாத கணக்கே ஆகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டொரொண்டோவிலிருந்து 2023-இல் வெளிவந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே விளையாட்டாக்கி, 2024-இல் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. அது பாத்திரமேற்பு விளையாட்டு அன்று. ஆனால், நம் வீட்டுப் பேச்சும் விளையாட்டுக்கு உரிய பொருளே என்பதை உலகுக்குக் காட்டியது. உரையாடல் கதைகளை எழுத டுவைன், இங்க் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டுவைனைப் பயன்படுத்தப் பெரிய நிரலறிவும் தேவையில்லை. கணினியியல் பயிலும் ஒருவரும் தமிழ் பயிலும் ஒருவரும் ஒரு விடுமுறையில் சேர்ந்து அமர்ந்தால், ஒரு சிறு உரையாடல் மரத்தைத் தமிழிலேயே நட்டுவிடலாம். முதல் வரியில் அந்தக் கடைக்காரர் நம்மை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்ற வாக்குவாதத்திலிருந்தே அந்த வேலை தொடங்கட்டும்.